இயல்பு

வெளிர்நீல மூடி. உள்ளே கொஞ்சம் சிட்ரேட்.
கோடுவரை ரத்தம் இருக்க வேண்டும்,
குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.
நோவீனாவில், இரண்டாம் அடித்தளத்தில்,
சன்னல் இல்லாத அறைக்கு
மனிதர்கள் இப்படித்தான் வருகிறார்கள்:
சுழற்றி எடுத்தபின் மேலே நிற்கும்
வைக்கோல் நிறத் தெளிவாக.

கருவிக்குள் கிண்ணம். கிண்ணத்தில் ஓர் எஃகுக் குண்டு,
கடுகைவிடச் சற்றே பெரிது.
காந்தம் அதை இங்கும் அங்கும் ஆட்டும்.
வினைப்பொருளை விட்டதும்
கண்ணுக்குத் தெரியாத நூல்கள் பின்னத் தொடங்கும்.
குண்டு தயங்கும்.
நிற்கும்.
நின்ற நொடியை எண்ணாக்கி
மாடிக்கு அனுப்புவது என் வேலை.

உறை.
பால் உறையும், பனி உறையும்,
கடவுள்கூட ஏதோ ஓர் ஊரில் உறைவார்.
நான் கையில் மாட்டியிருப்பதும் உறைதான்.
இத்தனைக்கும் ஒரு சொல் போதும் என்று விட்டவர்கள்
இதய வால்வை நினைத்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் இங் நடத்தும் ஆய்வு.
அதே வார்ஃபரின், சிலருக்கு ஒரு மாத்திரை,
சிலருக்கு மூன்றும் போதவில்லை.
காரணம் மரபணுவிலா, சாப்பாட்டுத் தட்டிலா?
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். யாருக்கும் பெயர் இல்லை.

0417: ஆண், ஐம்பத்தாறு, உலோக வால்வு.
இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே
அவர் ஐஎன்ஆர் நிற்க வேண்டும்.
எனவே அவர் வரும்போதெல்லாம்
கருவி சிவப்பு காட்டிக் கூவும். பழகிவிட்டது.
நவம்பரில் கொஞ்சம் இறங்கினார்,
விரதமாக இருக்கும், கீரையாகவே தின்றிருப்பார்.
பிப்ரவரியில் ஏறினார்,
இருமலுக்கு யாரோ ஆன்டிபயாட்டிக் கொடுத்திருப்பார்கள்.
ஊகிக்க எனக்கு அனுமதி கிடையாது.
ஆனாலும் அங்காடியில் கைலான் தட்டை வாங்கும்போது
இது அவருக்கு எத்தனை புள்ளி என்று
கணக்குப் போட்டபடிதான் சாப்பிடுகிறேன்.

வியாழன் இரவு, ஒன்பது நாற்பது.
0417.
குண்டு சட்டென்று நின்றது.
1.0.
மறுபடி ஓட்டினேன். 1.0.
பச்சை விளக்கு. சத்தமே இல்லை.
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல்: இயல்பு.

எனக்கு இயல்பு.
காப்பிக்கடையில் கோப்பை கழுவுகிறவருக்கு இயல்பு.
அவருக்கோ,
உலோகக் கதவின் கீலில்
நூல் சுற்றத் தொடங்கியிருக்கலாம்.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
நான்கைத் தாண்டினால் அழை என்று ஓர் எண் இருந்தது,
அதைத்தான் அழைத்தேன்.
தாதி ஹஸ்லிண்டா பேருந்தில் இருந்தாள்.
"ஒன்று என்றால் நார்மல்..." என்று தொடங்கியவள்
பாதியில் நிறுத்தினாள்.
இறங்கும் மணியை அவள் அழுத்தியது
எனக்குக் கேட்டது.

பல்லாம்.
பிடுங்க வேண்டும், மாத்திரையை ஐந்து நாள் நிறுத்துங்கள்
என்றார்களாம். நிறுத்தினார். பல் போனது.
மறுபடி தொடங்கச் சொன்ன தாள்
மடித்தபடி சட்டைப்பையில் இருந்ததாம்.
பதினேழு நாள்.
ஈறு சீக்கிரம் ஆறிவிட்டதே என்று
மனைவியிடம் பெருமை பேசினாராம்.
இவ்வளவைக்கூட ஹஸ்லிண்டா சொல்லியிருக்கக் கூடாது.
வால்வில் என்ன இருந்தது என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு.
குழாய்கள் வந்தன, வேறு எண்களோடு.
பெண்டமியரிலிருந்து ஒருவர், ஈசூனிலிருந்து ஒருவர் என்று
முகவரி கொடுத்துக்கொண்டே இருந்தது என் மனம்.

பதினொன்றாம் நாள் அதே மூடி, அதே எண்.
குண்டு ஆடியது.
நிற்க வேண்டிய நொடி வந்தது, போனது,
இன்னும் ஆடியது.
2.8.
சிவப்பு. கூவல்.
பூன் டெக் அடுத்த மேசையிலிருந்து திரும்பி
"என்ன கோளாறு?" என்றான்.
ஒன்றுமில்லை என்றேன்.
சத்தத்தை நிறுத்தும் பொத்தான்
கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.